கடைசி வரி மட்டும் உன்னுடையது

இன்று காலை எங்கள் குடும்பக் குழுவில் என் நாத்தனார் ஒரு சமையல் குறிப்பை அனுப்பியிருந்தாள். கத்திரிக்காய் ரசவாங்கி. யாரோ யாருக்கோ அனுப்பி, அவர்கள் இன்னும் யாருக்கோ தள்ளிவிட்டு, ஊரெல்லாம் சுற்றி, வழியில் ஒரு ரோஜாப்பூ படமும் 'இனிய காலை வணக்கமும்' ஒட்டிக்கொண்டு என் கைபேசிக்கு வந்து சேர்ந்திருந்தது. பிரியாணி வீட்டுக்கு ரசவாங்கி எதற்கு என்று அழிக்கப் போனேன். கடைசி வரி கண்ணில் பட்டது. 'சமைத்தவர் முதலில் சூடாகச் சாப்பிடவும்.' கையில் இருந்த டீயை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கீழே யார் பெயரும் இல்லை. என் நாத்தனாரிடம் போன் செய்து, "இது யார் எழுதினது தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியலயே அண்ணி. நல்லா சிரிப்பா இருந்துச்சு, போட்டேன்" என்றாள். அவள் மேல் கோபம் வந்தது. பாவம், அவள் என்ன செய்வாள்? அந்த வரியை எழுதிய நீ போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயசு. பெயருக்காக நீ பட்ட பாடு அவளுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பாட்டை முழுக்கப் பார்த்தவள் நான் ஒருத்திதான் மிச்சம். அதனால்தான் இன்று உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

தேனாம்பேட்டையில் அண்ணா சாலையை ஒட்டிய ஒரு சந்து, அதில் ஒரு மாடி, அந்த மாடியில் அந்த மகளிர் வார இதழ். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் அங்கே பக்கம் ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். அச்சுக்கோத்து வரும் தாளைக் கத்தரித்து, ரப்பர் சொல்யூஷன் தடவி, கட்டம் போட்ட அட்டையில் கோணாமல் ஒட்ட வேண்டும். கோடம்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருவேன். வீட்டுக்குப் போனால் கையில் இருக்கும் பசை நாற்றத்தை வைத்தே, "ரஷீதா வந்துட்டா" என்று அத்தா உள்ளேயிருந்து சொல்வார்.

பெயர்தான் மகளிர் இதழ். முதலாளி ஆண், ஆசிரியர் ஆண், உதவி ஆசிரியர் ஆண். 'அன்புள்ள தோழியரே' என்று வாராவாரம் உருகி எழுதியவர் வெற்றிலை போடும் ஒரு மீசைக்காரர். பெண்கள் என்று பார்த்தால் நான், பெருக்க வரும் ஆயா, அப்புறம் ஜன்னலோர மேசையில் நீ. சமையல் பக்கமும் கோலப் பக்கமும் உன்னுடையவை. சமையல் பக்கத்தில் 'அன்னம்' என்று பெயர் போடுவார்கள். அது பத்திரிகை வைத்த பெயர். உனக்கு முன்னால் வேறு யாரோ அன்னமாக இருந்தார்கள். நீ போனால் இன்னொருத்தி அன்னமாவாள்.

நீ கதை எழுதத் தெரிந்தவள், கட்டுரை எழுதத் தெரிந்தவள். கல்லூரியில் மேடையேறிப் பேசியவள். மயிலாப்பூரில் கல்யாணமாகி வந்ததும் உன் கணவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டாராம். அவர் வங்கி அதிகாரி, குரலை உயர்த்திப் பேசாத மனிதர். "எழுது, வேண்டாங்கலை. ஆனா நம்மாத்துப் பேர் வெளில வரப்படாது" என்றாராம். நீ என்னிடம் அதை அவர் மாதிரியே மெதுவாகச் சொல்லிக் காட்டிச் சிரித்தாய். சிரித்து முடித்த பிறகு, "என் பேரைப் போட்டு ஒரு புஸ்தகம் வரணும் ரஷி. அது போறும். அப்புறம் நான் செத்தாலும் பரவாயில்லை" என்றாய். வாயை அலம்பு என்று திட்டினேன்.

உன் வீட்டுக்கு நான் முதல்முதலாக வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? குளத்துக்குப் பின்னால் அந்தக் குறுகலான தெரு. உன் மாமியார் எனக்குக் காபி கொடுத்தார். எனக்கென்று ஒரு டம்ளர் தனியாக இருந்தது. நான் பாதி குடித்து வைத்ததும் நீ அந்த டம்ளரை எடுத்து, மிச்சக் காபியை வாய் வைத்துக் குடித்தாய், எல்லார் முன்னாலும்.   உன் மாமியார் உன்னைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். "எங்க மாமியார் வாயே திறக்க மாட்டா. எல்லாம் கையாலதான்" என்று நீ சொன்னாய். அடுத்த தடவை வந்தபோது எல்லா டம்ளரும் ஒரே மாதிரி இருந்தன.

அந்த மாமியின் சமையலைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானம் நீ டப்பாவைத் திறந்தால் ஆசிரியர் அறை வரைக்கும் மணக்கும். ரசவாங்கி, பருப்பு உருண்டைக் குழம்பு, வேப்பம்பூ ரசம். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் அடிச்சட்டியில் இருப்பதை மாமி சாப்பிடுவாராம். அவருக்குப் பிறகு நீ. அந்த நேரத்துக்குள் எல்லாம் ஆறிப் போயிருக்கும். அதை நீ எரிச்சலோடு சொல்வாய். சொல்லிவிட்டு என் டப்பாவிலிருக்கும் எலுமிச்சை ஊறுகாயைப் பிடுங்கிக்கொள்வாய்.

ஒரு நாள் சமையல் பக்கத்தை ஒட்டி முடித்து, கையெழுத்துக்காக உதவி ஆசிரியரிடம் கொண்டு போனேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "சமையல் பக்கத்த என்கிட்ட நீட்டாதம்மா. உப்பு புளி சமாசாரமெல்லாம் எனக்குத் தெரியாது, அவங்களையே பாத்துக்கச் சொல்லு" என்றபடி கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். நான் வந்து உன்னிடம் அதைச் சொன்னேன். உன் முகம் மாறியது. பேனாவைக் கீழே வைத்தாய்.

"ரஷி, அப்போ இந்த ஆபீஸ்ல ஒரு பக்கத்தை எந்த ஆம்பளையும் படிக்கறதில்லை."

"அதுக்கு?"

"அது நம்ம கைல இருக்குடீ, மண்டு."

சமையல் குறிப்பு என்றால் 'சூடாகப் பரிமாறவும்' என்று முடிய வேண்டும். தமிழ்நாட்டில் அச்சான குறிப்பெல்லாம் அப்படித்தான் முடியும். அந்த வாரம் நீ அதை அடித்துவிட்டு எழுதினாய்: 'சமைத்தவர் முதலில் சூடாகச் சாப்பிடவும்.' நான் அதைக் கோணாமல் ஒட்டினேன். இதழ் வந்தது. அலுவலகத்தில் ஒரு ஈ காக்கைகூடக் கவனிக்கவில்லை. அதன்பிறகு உனக்கு வாய் நீண்டுவிட்டது. 'தேங்காய் துருவ வீட்டுக்காரரை அழைக்கவும். வரவில்லையென்றால் தேங்காய் போடாமலே செய்யவும். ருசி குறைவாக இருக்கிறதே என்று அவர் கேட்டால் காரணத்தைச் சொல்லவும்' என்று ஒரு வாரம். 'இட்லி மாவை ஆட்டி வைத்துவிட்டு, புளிக்கும் நேரத்தில் தோழி வீட்டுக்குப் போய் வரவும். மாவு தானாகப் புளிக்கும். காவல் தேவையில்லை' என்று ஒரு வாரம். கடைசி வரி மட்டும் எந்த வாரமும் மாறவில்லை.

பெண்கள் கவனித்தார்கள். அன்னம் அக்காவுக்கு என்று கடிதங்கள் வர ஆரம்பித்தன. ஓர் அம்மாள் மன்னார்குடியிலிருந்து, நாலு பேர் சாப்பிடுகிற வீட்டில் முதலில் தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன் என்று எழுதியிருந்தார். அதை நீ எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினாய். அந்தக் கடிதங்களைப் பிரிப்பதும் நாம்தான் என்பதால், பெண்களுக்காகப் பத்திரிகை நடத்திய அத்தனை ஆண்களுக்கும் தங்கள் பத்திரிகையில் என்ன நடக்கிறது என்று ரொம்ப நாள் தெரியாமலே இருந்தது. தன் கடைச் சரக்கைத் தானே தின்று பார்க்காத வியாபாரிகள்.

கடைசியில் மாட்டிவிட்டது முதலாளியம்மா. அவர் ஒரு கெடுதலும் நினைக்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் முதலாளி சாப்பிட வீட்டுக்குப் போயிருக்கிறார். அந்த அம்மாள் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, ஊஞ்சலில் உட்கார்ந்து வாரப் பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்திருக்கிறார். முதலாளி திரும்பி வந்து கத்திய கத்தலில் கீழே சைக்கிள் கடை வரைக்கும் கேட்டது.

"நான் பசியோட போறேன், அவ ஏப்பம் விட்டுக்கிட்டு உக்காந்திருக்கா! என்னடின்னு கேட்டா, உங்க பத்திரிகையிலதான் போட்டிருக்குங்கறா! யாருய்யா இந்த அன்னம்?"

உதவி ஆசிரியர் சமையல் பக்கத்தை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நீ எழுந்து நின்றாய்.

"நான்தான் சார்."

"அன்னங்கற பேரு என் பத்திரிகையோட சொத்தும்மா. அத வெச்சுக்கிட்டு நீ விளையாடக் கூடாது" என்றார் முதலாளி.

"பேர் உங்களோடது சார். எழுத்து என்னோடது. இனிமே என் பேரைப் போடுங்கோ, திட்டு வந்தா நான் வாங்கிக்கறேன்."

சாயங்காலம் நீ உன் டப்பாவையும் குடையையும் எடுத்துக்கொண்டு படி இறங்கினாய். அடுத்த வாரம் 'சூடாகப் பரிமாறவும்' திரும்பி வந்துவிட்டது. நான் வேலையை விடவில்லை. அத்தாவுக்கு அப்போது உடம்பு சரியில்லை. நீயும் விடச் சொல்லவில்லை. "உள்ள ஒருத்தி இருக்கணும்டீ" என்றாய்.

வீட்டில் சும்மா உட்கார உனக்குத் தெரியாது. ஒரே தாளில் இரண்டு பக்கமும் எழுதி, மடித்து, தி. நகரில் ஜெராக்ஸ் எடுத்து விநியோகிக்க ஆரம்பித்தாய். அதற்கு நான்தான் இலவச லே-அவுட். கடைக்காரர் ஒவ்வொரு தடவையும், "இன்னா மேடம், சீரியலா கீது, சினிமாவா கீது, இத யாரு படிப்பா?" என்று கேட்பார். நீ சளைக்காமல் அவர் கையிலும் ஒன்றைத் திணிப்பாய். துணிக்கடைகளில் காலையிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டே புடவை எடுத்துப் போடும் பெண்களைப் பற்றி நீ எழுதினாயே, அதை நான் உன் எழுத்திலேயே சிறந்தது என்பேன். கடையில் வாங்க வருகிறவளுக்கு நாற்காலி உண்டு, விற்கிறவளுக்கு ஸ்டூல்கூடக் கிடையாது என்று தொடங்கும். அதைக் கொண்டுபோய்க் கடை மூடும் நேரத்தில் அந்தப் பெண்களிடமே கொடுத்தோம். தெற்கத்திப் பெண் ஒருத்தி நடைபாதையில் செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கின காலோடு உட்கார்ந்து படித்தாள். "எங்களப் பத்தியாக்கா எழுதியிருக்கீக? இதெல்லாம் எழுதுற விஷயமா?" என்றாள். நீ அவள் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய். புடவையில் அழுக்குப் பட்டதைப் பற்றி உனக்குக் கவலையில்லை.

அந்தத் தாள்களிலும் நீ பெயர் போடவில்லை. 'ஒரு பெண்' என்றுதான் போட்டாய். அப்போதும் வீட்டுக்குப் பயந்தாய். எனக்கு அது பொறுக்கவில்லை. "ஊருக்கெல்லாம் தைரியம் சொல்ற, ஒன் பேரப் போட மட்டும் ஏன்டி இப்படி நடுங்கற?" என்று ஒரு நாள் பாண்டி பஜாரில் நடுத்தெருவில் வைத்துக் கேட்டேன்.  நீ ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு வந்து, "புஸ்தகம் போடறேன் ரஷி. நீ பக்கம் பண்ணு" என்றாய்.

தி. நகரில் ஒரு சின்னப் பதிப்பகம் ஒத்துக்கொண்டது. அன்னம் எழுதிய சமையல் பக்கங்களையும், தாள்களில் வந்த கட்டுரைகளையும் சேர்த்து ஒரு புத்தகம். குறிப்புக்குப் பக்கத்தில் கட்டுரை, கட்டுரைக்குப் பக்கத்தில் குறிப்பு என்று கலந்து வைத்தோம். அட்டையில் உன் பெயர். அப்பா பெயரின் முதலெழுத்தும் இல்லை, கணவர் பெயரும் இல்லை. முன்னுரையைக் கடைசி வரைக்கும் அடித்து அடித்து எழுதினாய். முதலாளி சொன்ன 'என் பத்திரிகையோட சொத்து' உன் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அதற்குப் பதிலாகத்தான் முன்னுரையின் முடிவில் அந்த வாக்கியத்தைப் போட்டாய்: 'வேறொரு பெயரில் வந்திருந்தாலும், இந்தப் பக்கங்களில் உள்ள ஒவ்வொரு வரியும் என்னுடையது.' அதைப் படித்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நன்றாக இருக்கிறது என்று உன்னைக் கட்டிக்கொண்டேன்.

மயிலாப்பூரில் ஒரு சின்னக் கூடத்தில் வெளியீடு. வந்தவர்களைவிட நாற்காலிகள் அதிகம். உன் கணவர் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். மேடையில் உன் பெயரைச் சொன்னபோது அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் முடிந்து, ஒரு பிரதியைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு உன்னோடு ஆட்டோவில் போனார். நீ அடுத்த நாள் போனில், "ஒண்ணும் சொல்லலை ரஷி. பேர் வந்துடுத்து, இனிமே என்ன பண்றதுன்னார்" என்று சொல்லிச் சொல்லி அழுதாய். சந்தோஷத்தில்தான். அவ்வளவு நாள் பயந்த பயம் இத்தனூண்டுதானா என்ற அழுகை அது.

ஆனால் உன் மாமியார் பேச்சை நிறுத்திவிட்டார். முன்பும் அதிகம் பேசுகிறவர் இல்லை. இது வேறு. சாதம் போடுவார், காபி கலந்து வைப்பார், உன் முகத்தைப் பார்க்க மாட்டார். உனக்கு வலித்தது. "பாரேன், ஆம்பளை பொறுத்துண்டுட்டார். ஒரு பொம்மனாட்டிக்கு இன்னொரு பொம்மனாட்டியோட பேர் பொறுக்கலை" என்றாய். நானும் ஆமாம் என்றேன். யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

அப்புறம் அந்தப் பிரவுசிங் சென்டர் காலம். அடையாறில், மருந்துக் கடைக்கு மாடியில், பலகை தடுத்த சின்னச் சின்ன அறைகள். தொண்ணூறுகள் முடியப்போகிற நேரம். இணையத்தில் இலவசமாகப் பக்கம் வைத்துக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள். பக்கம் என்றால் என்னைக் கேட்க வேண்டாமா? நான் கற்றுக்கொண்டு உனக்கு அமைத்துக் கொடுத்தேன். படிக்க வேண்டுமென்றால் முதலில் எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் நீ எழுதியதெல்லாம் கொம்பும் சுழியும் கேள்விக்குறியுமாகத் தெரியும். மோடம் கத்தும், பாதியில் அறுந்து போகும். நீ பொறுமையாக மறுபடியும் தட்டுவாய். ஆசிரியர் இல்லை, முதலாளி இல்லை, கையெழுத்துப் போட ஆள் இல்லை. எழுதினால் அடுத்த நிமிஷம் அச்சு. "ஜன்மத்துல இப்படி ஒண்ணு வரும்னு நெனைக்கலைடீ" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாய்.

பக்கத்தின் அடியில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் ஒரு எண் உண்டு. அது ஏறுவதைப் பார்த்து இருவரும் பூரித்துப்போனோம். நாம் திறக்கும்போதெல்லாம்தான் அது ஏறுகிறது என்பது ரொம்ப தாமதமாகப் புரிந்தது. அன்றைக்கு அந்தத் தடுப்புக்குள் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைப் பையன் எட்டிப் பார்த்தான். அதற்குப் பிறகு நாம் போகாத ஒரு வாரத்தில் அது கொஞ்சம் ஏறியிருந்தது. அப்போது நாம் சிரிக்கவில்லை. நீ திரையில் அந்த எண்ணைத் தொட்டுப் பார்த்தாய்.

வெளிநாட்டிலிருந்து பெண்கள் எழுத ஆரம்பித்தார்கள். நீயும் வாராவாரம் எழுதினாய். அப்படி எழுதியதில் ஒன்று உன் மாமியாரைப் பற்றியது. பெயர் சொல்லாமல், 'என் வீட்டு மௌனம்' என்று. பெண்ணுக்குப் பெண்ணே போடும் பூட்டு என்று அதில் எழுதியிருந்தாய். நல்ல கட்டுரை. அதைப் படித்துவிட்டு கனடாவிலிருந்து ஒரு பெண் மடல் அனுப்பினாள். கட்டுரையைப் பற்றி இரண்டு வார்த்தை. அப்புறம், 'உங்கள் ரசவாங்கி செய்து பார்த்தேன், இப்படி ஒரு பக்குவம் நான் பார்த்ததே இல்லை, உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?' என்று கேட்டிருந்தாள். நீ பதில் தட்ட விரலை வைத்தாய். வைத்தபடியே கொஞ்ச நேரம் இருந்தாய். என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்லை, நேரம் முடிஞ்சு போச்சு. அடுத்த வாரம் எழுதறேன்" என்று எழுந்துவிட்டாய்.

அடுத்த வாரம் நீ வரவில்லை. மார்பில் கட்டி இருப்பது உனக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பெண்கள் உடம்பைக் கவனிக்காமல் விடுகிறார்கள் என்று எழுதினவள், உன் கட்டியைப் புத்தகம் வரட்டும், பண்டிகை முடியட்டும், நாத்தனார் ஊருக்குப் போகட்டும் என்று தள்ளிப் போட்டிருக்கிறாய். எனக்கு உன் மேல் இன்றைக்கும் ஆறாத கோபம் அதுதான். ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தபோது திட்டத்தான் வந்தேன். நீ தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு, "பாருடீ, இப்ப நான் உங்காத்துப் பொண்ணு மாதிரியே இருக்கேன்" என்றாய். திட்ட முடியவில்லை. சில மாதங்கள்தான். புது வருஷம், புது நூற்றாண்டு என்று ஊரே காத்துக்கொண்டிருந்தது. அதை நீ பார்க்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் உன் வீட்டுக்கு வந்தேன். செய்தித்தாளில் உன் கணவர் கொடுத்திருந்த மரண அறிவிப்பில் உன் பெயருக்குப் பக்கத்தில் 'எழுத்தாளர்' என்று இருந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. அவரிடம் நன்றி சொல்லலாமென்று தேடினேன். அவர் கூடத்தில் உறவுக்காரர்கள் நடுவில் இருந்தார். பந்தி நடந்துகொண்டிருந்தது. சமையலுக்கு ஆள் வைத்திருந்தார்கள். அடுப்படி முழுக்க வேற்று ஆண்கள். உன் மாமியார் போக இடமில்லாமல் பின்கட்டில் கிணற்றுப் பக்கம் உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவராகவே பேசினார். அவர் அத்தனை பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"அந்தப் புஸ்தகத்தை நீதானே பக்கம் பக்கமா ஒட்டினே?"

"ஆமா மாமி."

"'ஒவ்வொரு வரியும் என்னுடையது'ன்னு முன்னாடி போட்டிருந்தாளே."

"ஆமா மாமி."

"கடைசி வரி அவளோடது. நான் இல்லைங்கலை. மிச்சமெல்லாம் என்னோடது."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அவர் குரலில் கோபம் இல்லை. சாமான் எங்கே இருக்கிறது என்று சொல்லுகிற மாதிரி சொன்னார்.

"கட்டிப் பெருங்காயத்தை ஊற வெச்சுக் கரைச்சு, அடுப்பை அணைச்சப்புறம் விடறது எங்க பொறந்தாத்து வழக்கம். இந்த ஊர்ல வேற யாரும் பண்ண மாட்டா. பத்திரிகைல மொத வாரம் பாத்தப்பவே இவதான் அன்னம்னு தெரிஞ்சுடுத்து. என் பிள்ளைகிட்டகூடச் சொல்லலை. நான் சமைக்கறச்சே பக்கத்துல நின்னு பாத்துண்டே இருப்பா. என்னத்தைப் பாக்கறான்னு நெனைச்சிண்டேன். என்னைத்தான் பாக்கறான்னு சந்தோஷப்பட்டேன்."

பந்தியில் யாரோ மோர் கேட்டார்கள். அவர் பழக்கத்தில் எழப் போனார். பிறகு உட்கார்ந்துகொண்டார்.

"அவ எழுதினபடியே ஒரு நாள் பண்ணினேன். ஆத்துல யாரும் இல்லை. இறக்கின கையோட தட்டுல போட்டுண்டு, சூடா சாப்ட்டேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து ஆறினதுதானே தின்னிருக்கேன்? என் ரசவாங்கி அவ்வளவு நன்னா இருக்கும்னு எனக்கே அன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அவகிட்ட இதச் சொல்லியிருக்கலாமே மாமி? என் பேரயும் போடுன்னு கேட்டிருக்கலாமே?"

"எப்படிடீ கேப்பேன்? அவளுக்கே இப்பத்தானே பேர் கெடைச்சுது. அதுல போய்ப் பங்கு கேப்பேனா?" என்றார். பிறகு, "என் பேர் என்னன்னு உனக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

எத்தனை வருஷம் உன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். எத்தனை காபி குடித்திருக்கிறேன். தெரியவில்லை. நீ 'எங்க மாமியார்' என்பாய், நான் 'மாமி' என்பேன், உன் கணவர் 'அம்மா' என்பார். இல்லையென்று தலையை ஆட்டினேன். அவர் சொன்னார். சொல்லிவிட்டு, யாராவது கேட்டுவிட்டார்களோ என்று கூடத்துப் பக்கம் பார்த்தார்.

அவரும் போய்விட்டார். உன் இணையப் பக்கத்தை வைத்திருந்த இடத்தையும் மூடிவிட்டார்கள். உன் புத்தகம் இப்போது எந்தக் கடையிலும் இல்லை. அதையெல்லாம் நான் ஒருவாறு ஜீரணித்துவிட்டேன். ஒன்று மட்டும் முடியவில்லை. அந்தக் கனடாப் பெண்ணுக்குப் பதில் எழுத விரலை வைத்துவிட்டு அப்படியே இருந்தாயே, அப்போது உனக்கு உறைத்ததா? அல்லது நிஜமாகவே நேரம்தான் முடிந்துபோனதா? ஒரு நாள் உறைத்தது என்று நம்புகிறேன். இன்னொரு நாள், உனக்கும் கண் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை, இரண்டு பேரும் அந்த டப்பாவைத் தின்று தீர்த்துவிட்டுப் பெண்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம் என்று தோன்றுகிறது.

உன்னை எனக்குத் தெரியும். பின்கட்டில் அவர் சொன்னதை நீ கேட்டிருந்தால் முதலில் கோபப்பட்டிருப்பாய். "நான் என்ன திருடியா?" என்று என்மேல் பாய்ந்திருப்பாய். ஒரு வாரம் யாரோடும் பேசியிருக்க மாட்டாய். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உன் மேலேயே ஒரு இரக்கமும் காட்டாமல், உட்கார்ந்து எழுதியிருப்பாய். துணிக்கடைப் பெண்களைப் பற்றி எழுதியதைவிட அது பெரிசாக வந்திருக்கும். நீ எழுதாமல் போன அந்த ஒரு கட்டுரைக்காகத்தான் நான் இத்தனை வருஷமாக அழுகிறேன். அதில் என்னென்ன வரிகள் இருந்திருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. தலைப்பு மட்டும் தெரியும். கிணற்றடியில் மாமி சொன்ன அந்தப் பெயர். வேறெந்தத் தலைப்பும் நீ வைத்திருக்க மாட்டாய்.

கோமளம்.